வாசகருக்கு எழுதும் ஒப்படை: வகுப்பறையில் வலைப்பதிவு

ஒப்படை என்பதற்கு எங்கள் நாட்டில் ஒரு நிலையான வாழ்க்கை வரலாறு உண்டு. விரிவுரையாளர் ஒரு தலைப்புக் கொடுப்பார். மாணவர் எழுதுவார், கையெழுத்து சரியில்லாவிட்டால் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து டைப் செய்விப்பார். சுருள் கம்பி போட்டு, முன்னட்டையில் பெயரும் சுட்டிலக்கமும் எழுதி ஒப்படைப்பார். விரிவுரையாளர் வாசித்துப் புள்ளி போடுவார். பிறகு அது அலுமாரிக்குப் போகும். அலுமாரி நிரம்பினால் பழைய கடதாசி வாங்குபவரிடம் போகும். எழுதியவரைத் தவிர அதை வாசித்தவர் உலகத்திலே ஒரே ஒருவர்தான். அவரும் வாசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

அந்த ஒரு வாசகரைப் பல வாசகராக்கும் முறை ஒன்றைப் பற்றியது இக்கட்டுரை. வலைப்பதிவு எழுதுவதையே ஒப்படையாகக் கொடுப்பதுதான் அந்த முறை. மேல்நாட்டுக் கல்லூரிகளில் இது இருபது வருடங்களுக்கு மேலாகப் பழக்கத்தில் உள்ளது. வெள்ளவத்தையில் மாலைநேர டிப்ளோமா வகுப்பொன்றில் தமிழில் எழுதுவதைப் படிப்பித்து வருகிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம். மீதிப்பேர் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். முஸ்லிம், இந்து, கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒன்றாக இருந்து படிக்கிறார்கள். இந்த வகுப்பில் நான் இம்முறையைத்தான் கையாள்கிறேன்.

இது நல்ல முறை என்பது என் கருத்து. ஆனால் எங்கள் நாட்டில், அதிலும் நமது சமூகத்துப் பிள்ளைகள் விஷயத்தில், ஒரு நிபந்தனையோடுதான் அது நல்லது. எழுதுவதற்குப் புள்ளி கொடுக்கலாம். பகிரங்கப்படுத்துவதற்குப் புள்ளி கொடுக்கக் கூடாது. இவ்விரண்டும் ஏன் வேறு வேறு என்பதை விளக்குவதே என் நோக்கம்.

முறை என்ன?

வலைப்பதிவு என்பது இணையத்தில் திகதி வரிசையில் எழுதப்படும் ஒரு பதிவேடு. புதியது மேலே வரும். பழையது கீழே போகும், ஆனால் காணாமல் போகாது. ஒவ்வொரு பதிவின் கீழும் வாசிப்பவர் பதில் எழுத இடம் இருக்கும். முகநூலில் எழுதுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. முகநூலில் காலையில் எழுதியது மாலைக்குள் ஓடிப்போய்விடும். வலைப்பதிவில் ஒரு பிள்ளை தை மாதம் எழுதியதையும் ஆனி மாதம் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். படிப்பிக்கிறவருக்கு இதுதான் பெரிய வசதி.

எனது வகுப்பில் ஆளுக்கொரு வலைப்பதிவு இல்லை, வகுப்புக்கு ஒன்று. பாடம் 12 வாரம். முதல் 10 வாரத்திலும் வாரத்துக்கு ஒரு பதிவு, 250 முதல் 300 சொல். வியாழன் இரவுக்குள் எழுதிவிட வேண்டும். சனிக்கிழமைக்குள் வேறு இரண்டு பேரின் பதிவை வாசித்துப் பதில் எழுத வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக ஒன்றும் எழுதுவதில்லை. தமது பத்துப் பதிவில் நான்கைத் தெரிந்து, வந்த பதில்களைப் பார்த்துத் திருத்தி எழுத வேண்டும். கூடவே, எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று ஒரு பக்கக் குறிப்பு. இவ்வளவுதான்.

போன் இல்லாத பிள்ளையும், டேட்டா முடிந்த பிள்ளையும் கொப்பியில் எழுதிக் கொண்டுவரலாம். வகுப்பில் ஒருவர் அதை டைப் செய்து ஏற்றுவார். தட்டெழுதிய நண்பரே முதல் வாசகராகிவிடுவதால் இதிலும் ஒரு நன்மை இருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது?

கருவி புதியது, யோசனை பழையது. பிரான்ஸின் தென்பகுதியில் பார்-சூர்-லூ என்ற ஊரில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயப்பட்டவர். நெடுநேரம் உரத்துப் பேச முடியாது. 1924 அளவில் அவர் தமது கிராமத்துப் பாடசாலைக்குச் சிறிய கை அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கினார். பிள்ளைகள் வெளியே நடந்து போய்ப் பார்த்தவற்றை எழுதினார்கள். தாமே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அச்சடித்த தாள்களை நாட்டின் மறுகோடியில் பிரிட்டனிப் பகுதியிலிருந்த இன்னொரு பாடசாலைக்குத் தபாலில் அனுப்பினார்கள். அங்குள்ள பிள்ளைகள் தமது தாள்களை அனுப்பினார்கள். மலைப்பக்கத்துப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் கடற்கரைப் பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே விளக்கி எழுத வேண்டிவந்தது. முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

1999 இல் புளொக்கர் வந்தது. 2003 இல் அதைக் கூகுள் வாங்கியது. அதே ஆண்டில் வேர்ட்பிரஸும் வந்தது. அச்சு இயந்திரமும் தபால் முத்திரையும் இல்லாமலே ஃப்ரெனே செய்ததைச் செய்யலாம் என்ற நிலை ஏற்பட்டது. கல்லூரி ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

தமிழில் ஒரு தடை இருந்தது. இலங்கையில் தட்டெழுதியவர்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் பழகியிருந்தார்கள். பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யுனிகோட் பரவிய பிறகே தமிழ் வலைப்பதிவு வேகமெடுத்தது. பாமினியை யுனிகோடாக்கும் கருவிகளை நம்மவர்களே செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். சிதறிக் கிடந்த பதிவுகளை ஓரிடத்தில் காட்டும் தமிழ்மணம் 2004 இல் வந்தது. 2009 ஓகஸ்டில் இலங்கைத் தமிழ்ப் பதிவர்கள் ஒன்றுகூடினார்கள். கூடிய இடம் வெள்ளவத்தை, கொழும்புத் தமிழ்ச் சங்கம். யுத்தம் முடிந்து மூன்று மாதம்தான். அன்று எழுதிக்கொண்டிருந்த இளைஞர் எவருக்கும் அதை யாரும் ஒப்படையாகக் கொடுக்கவில்லை. வாசிக்க ஆள் இருந்தது, எழுதினார்கள். பதில் வந்தது, இன்னும் கவனமாக எழுதினார்கள்.

தமிழகத்தில் 2010 செம்மொழி மாநாட்டையொட்டி, கல்லூரி மாணவருக்குத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. மாணவர் எழுத்தை அலுமாரிக்கு அனுப்பாமல் வாசகருக்கு அனுப்பும் யோசனைதான் அதுவும்.

எங்கள் சஞ்சிகைகளும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன. 1966 இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, பிற்காலத்தில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகும் தூரம். 2000 இல் தொடங்கிய ஞானம் வெள்ளவத்தையிலிருந்து வெளிவந்திருக்கிறது. இத்தகைய இதழ்களில் நம்மவர் பலர் எழுதி வளர்ந்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1882 இல் சித்திலெப்பை முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். பகிரங்கமாக எழுதுவது நமது சமூகத்துக்கு நேற்று வந்த பழக்கமில்லை. வகுப்பறைக்குள்தான் அது வரவில்லை.

வாசகர் கேட்கும் கேள்வி

வாசகர் இருந்தால் எழுத்து எப்படி மாறும்? வகுப்பில் கண்ட இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருவர் தமது வீதியைப் பற்றி எழுதினார். 'பல்லின மக்களும் ஒற்றுமையாக வாழும் எழில்மிகு நகரம்' என்று தொடங்கியது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்கிய அதே நடை. நான் திருத்தியிருந்தால் 'விவரம் போதாது' என்று சிவப்பில் எழுதியிருப்பேன். அவரும் புள்ளியை மட்டும் பார்த்திருப்பார். ஆனால் அதே வீதியில் இருக்கும் இன்னொரு பிள்ளை கீழே எழுதினார்: "மச்சான், இது எங்கட ரோட்டப் பத்தித்தானே? ஆனா இதுல எங்கட ரோடே இல்லையே." வெள்ளவத்தைப் பிள்ளை ஒருவர் கேட்டார்: "ஜெம்பட்டா வீதியால வந்தா எந்தப் பக்கம்? அங்க காலையில என்ன சத்தம் கேட்கும்?"

திருத்திய பதிவில் ஒற்றுமையும் இல்லை, எழிலும் இல்லை. அதிகாலையில் லொறி பின்னுக்கு எடுக்கும்போது பொடியன் ஒருவன் பின்தகரத்தில் தட்டித் தட்டி வழி காட்டும் சத்தம் இருந்தது. அந்தச் சத்தம் நின்றால் லொறி நின்றுவிட்டது என்று படுக்கையிலிருந்தே தெரியும் என்று எழுதியிருந்தார். அது பரீட்சைக்குப் பாடமாக்க முடியாத வசனம்.

இரண்டாவது உதாரணம் வட்டிலாப்பம். ஒரு மாணவி தமது உம்மா செய்யும் விதத்தை எழுதினார். முட்டை, கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், ஏலம் எல்லாம் சரி. 'பதமாக அவித்து எடுக்கவும்' என்று முடிந்தது. கத்தோலிக்கப் பிள்ளை ஒருவர் கேட்டார்: "பதம் எண்டா எப்பிடித் தெரியும்? மூடிய எத்தின தரம் திறந்து பார்க்கலாம்?" அந்த மாணவிக்கும் தெரியவில்லை. வீட்டில் போய் உம்மாவிடம் கேட்டிருக்கிறார். ஈர்க்குச்சியால் நடுவில் குத்திப் பார்ப்பது, மூடியில் படியும் தண்ணீர் உள்ளே சொட்டாமல் துணி கட்டுவது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தன. உம்மா கேட்டாராம்: "இவ்வளவு நாளும் திண்டுட்டு இப்பதான் கேக்கிறியா?"

விளக்கி எழுதுதல் என்று நாம் பாடத்திட்டத்தில் எழுதிவைத்திருப்பது இதைத்தான். தெரியாத ஒருவர் முன்னால் இருந்தால்தான் விளக்கம் பிறக்கும். ஆசிரியருக்கு எழுதும் பிள்ளை, 'சேருக்குத் தெரியும்தானே' என்று எண்ணிப் பாதியை விட்டுவிடுகிறது.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 'எழில்மிகு நகரம்' வகைக் கட்டுரையை எழுத இன்று பிள்ளை தேவையில்லை. போனிடம் கேட்டால் அரை நிமிடத்தில் எழுதித் தரும். லொறித் தகரத்தின் சத்தத்தை அது தராது. உம்மாவிடம் போய்க் கேட்காது.

பதில் எழுதுவதையும் படிப்பிக்க வேண்டும். சும்மா விட்டால் 'சுப்பர்', 'மாஷா அல்லாஹ் அருமை' என்றுதான் வரும். அன்பான சொற்கள்தான், ஆனால் எழுதியவருக்கு அடுத்த வாரம் உதவாது. நான் மூன்று விஷயம் கேட்கிறேன்: மனதில் நின்ற ஒரு வசனம், விளங்காத ஒரு இடம், இன்னும் தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு விஷயம். ஆளைப் பற்றி எழுதக் கூடாது. எழுத்தைப் பற்றி எழுதலாம்.

மொழி கெட்டுவிடாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பிள்ளைகள் 'வாப்பா', 'ராத்தா', 'வாணாம்' என்று தங்கள் வீட்டுச் சொல்லை எழுதுகிறார்கள், அதைத் தடுப்பதில்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு விளங்காவிட்டால் அவரே கேட்பார். கேட்டால் விளக்க வேண்டும். வீட்டுத் தமிழையும் ஏட்டுத் தமிழையும் எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பது அப்படித்தான் பிடிபடுகிறது.

இணைப்பும் இஸ்னாதும்

தகவலை எங்கிருந்து எடுத்தாய் என்று சொல்லும் பழக்கத்தை வளர்க்க வலைப்பதிவு நல்ல இடம். மாணவருக்கு மேற்கோள் விதிகளைப் படிப்பிக்கும்போது கண் மூடிவிடும். நமது பிள்ளைகளுக்கு நான் வேறு விதமாகச் சொல்கிறேன். ஹதீஸ்கலை அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டால் முதலில் செய்தியைப் பார்ப்பதில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சங்கிலியைப் பார்ப்பார்கள். இஸ்னாத் இல்லாவிட்டால் எவரும் எதையும் சொல்லிவிடலாம் என்பது அவர்களின் கவலை. வட்ஸ்அப் காலத்தில் அந்தக் கவலை நமக்கு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும். பதிவில் ஒரு தகவலுக்கு இணைப்புக் கொடுப்பது சங்கிலியின் ஒரு வளையம். அந்த வளையத்தை வாசகர் அழுத்திப் பார்க்கலாம். இந்துப் பிள்ளைக்கும் கத்தோலிக்கப் பிள்ளைக்கும்கூட இந்த விளக்கம் உடனே பிடித்துவிடுகிறது.

பிரதி பண்ணுவதும் குறைகிறது. தனி ஆசிரியரை ஏமாற்றுவது சுலபம். அதே தலைப்பில் எழுதிய இருபது பேரை ஏமாற்றுவது கஷ்டம்.

பகிரங்கம் என்பது சின்ன விஷயமல்ல

இதுவரை சொன்னது நன்மை. மேல்நாட்டுப் பேராசிரியர்களின் கட்டுரைகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம்: உலகம் முழுவதும் வாசகர், பிள்ளைகளுக்கு உற்சாகம். எங்கள் நாட்டில் இருந்துகொண்டு அதை அப்படியே ஏற்க முடியாது.

2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர், முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டார். பயன்படுத்தப்பட்டது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகளைப் பாதுகாக்கும் சர்வதேச சமவாயத்தின் பெயரிலுள்ள சட்டம் அது. நான்கு மாதமளவில் விளக்கமறியலில் இருந்தார்.

நமது சமூகத்தில் அஹ்னாப் ஜஸீமின் விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர், கவிஞர். நவரசம் என்ற அவரது தமிழ்க் கவிதை நூல் 2017 இல் வெளிவந்தது. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ள நூல், தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விடுதலையானார் என்பது உண்மை. ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார் என்பதும் உண்மை.

இதற்குப் பிறகு 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. இணையத்தில் எழுதப்படும் 'பொய்யான கூற்று' எது என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம்.

இந்த நிலையில், இருபது வயதுப் பிள்ளையிடம், 'உன் பெயரைப் போட்டு உலகத்துக்கு எழுது, எழுதினால் 40 புள்ளி' என்று சொல்வது என்ன? ஆசிரியருக்கு அது ஒப்படை. பிள்ளைக்கு அது தன் பெயரில் நிரந்தரமாகக் கிடக்கப்போகும் ஒரு வாக்குமூலம். படிக்கிற காலத்தில் மனிதன் யோசித்து முடித்திருப்பதில்லை. பாதி யோசனையை எழுதிப் பார்ப்பதற்குத்தான் வகுப்பு. அந்தப் பாதி யோசனை ஐந்து வருடம் கழித்து வேலைக்கு எடுப்பவர் கண்ணிலும் படும், சம்பந்தம் பேச வருகிறவர் கண்ணிலும் படும், தமிழ் வாசிக்கத் தெரியாத அதிகாரியின் மேசையிலும் மொழிபெயர்ப்பாகக் கிடக்கலாம்.

என் வகுப்பில் ஒரு மாணவி முதல் நாளே சொன்னார்: "சேர், எழுதுறதுக்குப் பயமில்ல. ஆனா என்ட பேர் வாணாம்." வீட்டில் கட்டுப்பாடு என்று நாம் உடனே முடிவு கட்டிவிடுவோம். அவர் சொன்ன காரணம் வேறு. "என்ட பேரப் பார்த்த உடனே, நான் என்ன எழுதினாலும் முஸ்லிம் பொண்ணு எழுதினதாத்தான் வாசிப்பாங்க. நான் பஸ்ஸப் பத்தி எழுதினா அது பஸ்ஸப் பத்தியே இருக்கணும்." காலி வீதி பஸ்ஸைப் பற்றிய அவரது பதிவு அந்த வருடத்தின் சிறந்த பதிவுகளில் ஒன்று. இன்றுவரை வெளியே எவருக்கும் அதை எழுதியவர் யாரென்று தெரியாது.

மூன்று வட்டம்

ஆகவே வாசகரை மூன்று வட்டமாகப் பிரித்துக்கொள்ளும்படி மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்வேன்.

முதல் வட்டம்: எழுதியவரும் ஆசிரியரும் மட்டும். துக்கம், குடும்பம், மார்க்க விஷயத்தில் மனதுக்குள் இருக்கும் கேள்வி என்பன இங்கேயே இருக்கலாம். பத்துப் பதிவில் இரண்டை இந்த வட்டத்துக்குள் வைக்க எவரும் காரணம் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வட்டம்: வகுப்பு. கடவுச்சொல் உள்ளவர் மட்டும் வாசிக்கலாம். நான் மேலே சொன்ன இரண்டு உதாரணமும் இந்த வட்டத்துக்குள் நடந்தவைதான். எழுத்தை வளர்க்க உலகம் முழுவதும் தேவையில்லை. உண்மையாகக் கேள்வி கேட்கும் இருபது பேர் போதும். ஃப்ரெனேயின் பிள்ளைகளுக்கும் முக்கியமாக இருந்தது மறுகோடியிலிருந்த அந்த ஒரு பாடசாலைதான். வெள்ளவத்தைக்குக் கொட்டாஞ்சேனை போதுமான தூரம்.

மூன்றாவது வட்டம்: பகிரங்கம். திருத்தி எழுதிய பிறகு, மாணவரே விரும்பினால் மட்டும், விரும்பிய பெயரில். புனைபெயர் நமது இலக்கியத்துக்குப் புதிதல்ல. பெரிய எழுத்தாளர் எத்தனையோ பேரை நாம் புனைபெயரில்தான் அறிவோம். படம் போடுவதில்லை. பதில்களை ஆசிரியர் பார்த்த பிறகே வெளிவிட வேண்டும். பாடம் முடிந்து எத்தனை வருடமானாலும், 'என்னுடையதை எடுத்துவிடுங்கள்' என்றால் கேள்வி கேட்காமல் எடுக்க வேண்டும்.

மூன்று வட்டத்துக்கும் ஒரே புள்ளித்திட்டம். மூன்றாவது வட்டத்துக்குப் போனவருக்கு அரைப் புள்ளிகூட அதிகமில்லை. இது கண்டிப்பாக இருக்க வேண்டும். சலுகைப் புள்ளி என்று ஒன்று இருந்தால், விரும்பினால் மட்டும் என்பதற்குப் பொருளே இல்லை. புள்ளி தேவைப்படும் ஏழைப் பிள்ளைதான் முதலில் போய் நிற்கும்.

இன்னொரு விதியும் உண்டு. பிறரைப் பற்றி எழுதினால் அவரிடம் கேட்டுவிட்டு எழுத வேண்டும். உம்மாவானாலும் கேட்க வேண்டும். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரியும் என்றால், கேட்க வேண்டும். புறம் பேசுதல் என்று நாம் சின்ன வயதில் படித்த பாடம் தட்டெழுத்துக்கும் பொருந்தும்.

புள்ளியும் வேலைப்பளுவும்

ஆசிரியர்கள் முதலில் கேட்பது: "இவ்வளவையும் யார் வாசிக்கிறது?" நியாயமான கேள்வி. 30 பேர், 10 பதிவு என்றால் 300 பதிவு. எல்லாவற்றுக்கும் சிவப்பு மை போட வெளிக்கிட்டால் ஆசிரியர் பாதியில் விழுந்துவிடுவார்.

முதல் மூன்று வாரம் எல்லாப் பதிவையும் வாசித்து இரண்டு வரி பதில் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருவது அப்போதுதான். பிறகு வகுப்பை மூன்றாகப் பிரித்து, வாரத்துக்குப் பத்துப் பேருக்கு மட்டும் பதில். மற்ற இருபது பேருக்குச் சக மாணவர் எழுதியிருப்பார்கள். இரண்டாவது வட்டத்திலுள்ள பதிவுகளை நான் எப்படியும் ஒரு தடவை கண்ணோட்டமாகப் பார்ப்பேன். அது பாதுகாப்புக்காக, திருத்துவதற்காக அல்ல.

புள்ளி 100 என்றால் இப்படிப் பிரிக்கலாம்: ஒழுங்காக எழுதியதற்கு 20; பிறருக்கு எழுதிய பதில்களுக்கு 20; திருத்திய நான்கு பதிவுக்கு 40; எதை ஏன் மாற்றினேன் என்ற குறிப்புக்கு 20. முதல் பிரதியின் தரத்துக்குப் புள்ளியே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் பிரதியில் துணிந்து எழுத வேண்டுமென்றால் அதற்குத் தண்டனை இருக்கக் கூடாது. வீட்டில் புத்தகம் இருந்து வளர்ந்த பிள்ளைக்கும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கும் உள்ள இடைவெளி முதல் பிரதியில்தான் பெரிதாகத் தெரியும். திருத்தத்தில் அது சுருங்கிவிடுகிறது.

இது எல்லாப் பாடத்துக்கும் பொருந்தும். வரலாறு படிப்பவர் தமது ஊர்ப் பள்ளிவாசலின் பழைய கல்வெட்டைப் பற்றி எழுதலாம். வணிகம் படிப்பவர் வாப்பாவின் கடைக் கணக்கில் 2022 நெருக்கடி எப்படித் தெரிந்தது என்று எழுதலாம். மருந்தகம் படிப்பவர் நோயாளர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதலாம். கணிதம் தவிர என்று சொல்ல நினைத்தேன். ஆனால் ஒரு நிறுவலை நண்பனுக்கு விளங்கும்படி எழுதுவதும் இதே வேலைதான்.

கடைசியாக ஒரு வேலை

இணையத்தில் எழுதியது என்றென்றும் இருக்கும் என்று பயப்படுகிறோம். அதன் மறுபக்கம், வேண்டியது இருக்காது என்பது. 2009 அளவில் சுறுசுறுப்பாக இருந்த தமிழ் வலைப்பதிவுகளில் பல இன்று திறப்பதில்லை. இன்னும் பல திறந்தாலும் படங்கள் இல்லை. 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் சேமித்துவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் இல்லாவிட்டால் நமது பழைய இதழ்கள் பலவற்றின் கதியும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே ஒவ்வொரு தொகுதி முடியும்போதும், விரும்பியவர்களின் ஒரு பதிவைச் சேர்த்து சிறு தொகுப்பாக்குகிறோம். காலி வீதிக் கொமியூனிகேஷன் ஒன்றில் போட்டோக்கொப்பி அடித்து, நடுவில் இரண்டு பின் குத்தி எடுப்பது. ஆளுக்கு ஒரு பிரதி, வகுப்புக்கு இரண்டு. செலவு ஒரு நேரக் கொத்து ரொட்டிக் காசுக்குள் முடிந்துவிடும். அச்சுக்குப் போகுமுன் கடைசித் தடவையாகக் கேட்போம்: உங்கள் பெயரா, புனைபெயரா, அல்லது எடுத்துவிடவா? ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் புனைபெயரை அடித்துவிட்டுத் தமது சொந்தப் பெயரை எழுதுகிறார். யாராவது ஒருவர் தமது பதிவை எடுத்துவிடச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: "சரி."

இம்முறையைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் பெரிய ஆயத்தம் செய்யத் தேவையில்லை. ஒரு வகுப்பு, வெளியார் நுழைய முடியாத ஒரு பக்கம், முதல் வாரத்துக்கு ஒரு தலைப்பு. 'நான் வரும் வழி' என்று கொடுத்துப் பாருங்கள். அதில் எவருக்கும் ஆபத்தில்லை, எல்லோரிடமும் சரக்கு உண்டு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கத் தொடங்கும்வரை காத்திருங்கள். உலகத்துக்குக் காட்டும் அவசரம் ஆசிரியருக்கு இருக்கக் கூடாது. கதவைத் திறப்பதா இல்லையா என்பதை, எழுதியவர் தீர்மானிக்கட்டும்.